முதுமையும் மனமும்: உளவியல் ஆய்வுக்கு வர நினைக்கும் தருமபுரி, கிருஷ்ணகிரி பிள்ளைகள் கேட்கும் கேள்விகள்

உளவியல் படித்துவிட்டு, இந்த இரண்டு மாவட்டங்களிலும் வயதானவர்களின் ஞாபகசக்தி, மனச்சோர்வு பற்றிய ஆய்வுகளில் பல வருடங்களாக வேலை செய்கிறேன். கல்லூரிகளுக்குப் பேசப் போனால் மாணவர்கள் கேட்பதும், கிராமங்களில் வீட்டுக்காரர்கள் கேட்பதும் பெரும்பாலும் இந்தக் கேள்விகள்தான். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்தால் யாருக்காவது உதவும் என்று தோன்றியது.

உளவியலாளர் என்றால் மனநல டாக்டரா?

இல்லை. மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து, அதன்மேல் மனநல மருத்துவம் படித்தவர். மாத்திரை எழுதுவது அவர் வேலை. உளவியலாளர் மாத்திரை எழுத மாட்டார், எழுதக் கூடாது. ஞாபகம், கவனம், மனநிலை இவற்றைச் சோதித்து அளப்பது, பேச்சுவழிச் சிகிச்சை, ஆய்வு இவைதான் எங்கள் பக்கம். ‘மருத்துவ உளவியலாளர்’ என்று போட்டுக்கொள்ள இந்திய மறுவாழ்வுக் கழகத்தில், அதாவது ஆர்.சி.ஐ.யில், பதிவு இருக்க வேண்டும். வீட்டில் யாருக்காவது சிகிச்சைக்குப் போகிறீர்கள் என்றால் அந்தப் பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை. ஒழுங்காகப் படித்தவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

முதியோர் மனநல ஆய்வில் தினமும் என்ன வேலை?

காலை எட்டு மணிக்குள் ஊருக்குள் போய்விட வேண்டும். தாமதித்தால் நூறு நாள் வேலைக்கோ ஆடு மேய்க்கவோ கிளம்பிவிடுவார்கள். எந்த வீட்டுக்குப் போவது என்பதை நாங்கள் முடிவு செய்வதில்லை. குலுக்கலில் வருகிற வீடு. அது மேட்டுக்கு மேலே தனியாக நிற்கிற கொட்டாயாக இருந்தாலும் நடந்துதான் போக வேண்டும். தார் ரோட்டோர வீடுகளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் ரோட்டோரத்தில் இருப்பவர்களின் மனநலம்தான் நமக்குத் தெரியும்.

ஒரு வீட்டுக்கு இரண்டு மணி நேரம் ஆகும். தண்ணீர் கொடுப்பார்கள், களி சாப்பிடச் சொல்வார்கள், அக்கம்பக்கத்தார் கூடுவார்கள். பாட்டியிடம் கேட்ட கேள்விக்குப் பேரன் பதில் சொல்வான். அவனை அன்பாக வெளியே அனுப்பத் தெரிவதும் இந்த வேலையில் ஒரு திறமை.

கேள்வித்தாளை எடுக்கும் முன்னால் காதையும் கண்ணையும் பார்த்துவிட வேண்டும். கேள்வி காதில் விழாமல் சொன்ன தப்பான பதிலை மறதி என்று எழுதிவிட்டால் அந்தத் தப்பு நம்முடையது. என் பையில் படிக்கிற கண்ணாடி இரண்டு, மூன்று பவரில் எப்போதும் இருக்கும்.

எழுதப் படிக்கத் தெரியாதவரின் ஞாபகசக்தியை எப்படிச் சோதிப்பது?

என்னிடம் அடிக்கடி கேட்கப்படுவது இதுதான். நான் இந்தத் துறையிலேயே தங்கியதற்குக் காரணமும் இதுதான்.

2011 கணக்கெடுப்பில் தருமபுரி மாவட்டத்தின் எழுத்தறிவு 68.54 சதவீதம். தமிழ்நாட்டிலேயே குறைவு. இது ஏழு வயதுக்கு மேற்பட்ட எல்லோரையும் சேர்த்த கணக்கு. எழுபது வயதுப் பெண்களை மட்டும் எடுத்தால் நிலைமை எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம். ஆனால் உலகம் முழுக்க அதிகம் பயன்படும் ஞாபகச் சோதனை 1975இல் அமெரிக்காவில் ஃபோல்ஸ்டீன் என்பவரும் மற்றவர்களும் சேர்ந்து உருவாக்கிய எம்.எம்.எஸ்.இ. அதில் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வார்கள், ஒரு வாக்கியம் எழுதச் சொல்வார்கள், இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரையச் சொல்வார்கள். பேனாவே பிடிக்காத கைக்கு இதெல்லாம் என்ன சோதனை?

வேலைக்குச் சேர்ந்த புதிதில் காரிமங்கலம் பக்கம் ஓர் ஆயாவுக்கு இதை வைத்தேன். மதிப்பெண் மிகக் குறைவு. ‘மறதி நோய் இருக்கலாம்’ என்று குறித்துக்கொண்டு எழுந்தேன். வாசலுக்கு வந்தால், புளி வாங்க வந்த வியாபாரியிடம் அதே ஆயா பேசிக்கொண்டிருந்தார். போன வருடம் எத்தனை மூட்டை, கொட்டை எடுத்தது எவ்வளவு, எடுக்காதது எவ்வளவு, பாக்கி எவ்வளவு, எல்லாம் வாய்க்கணக்கு. வியாபாரிதான் தடுமாறினார். நான் திரும்பிப் போய் அந்தக் குறிப்பை அடித்தேன். அன்று என் மேல் எனக்கு வந்த வருத்தம் இன்னும் போகவில்லை. ஊருக்குப் பொருந்தாத அளவுகோல் ஒரு நல்ல மூளைக்கு நோயாளிப் பட்டம் கட்டிவிடும். வேறொரு வீட்டில் உண்மையாகவே நோய் இருப்பவரை ‘படிக்காதவர், அதனால்தான்’ என்று தள்ளியும் விடும்.

இதற்கு நல்ல வழி நம் நாட்டிலேயே பிறந்தது. ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களில் மேரி கங்குலி தலைமையில் நடந்த இந்திய-அமெரிக்க ஆய்வில், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கென்றே ஒரு சோதனையை உருவாக்கி 1995இல் வெளியிட்டார்கள். ஹிந்தி மனநிலைச் சோதனை என்று பெயர். எழுத்து வேண்டாம். நினைவில் வைக்கச் சொல்லும் மூன்று பொருள்கள் மாம்பழம், நாற்காலி, நாணயம். ‘கண்ணை மூடுங்கள்’ என்று எழுதிக் காட்டுவதற்குப் பதிலாக, ‘என் முகத்தைப் பாருங்கள், நான் செய்வதைச் செய்யுங்கள்’ என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக் காட்டினால் போதும். கழித்தல் கணக்கு வராதவருக்குக் கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்லலாம். கிழமை எல்லோருக்கும் தெரியும். சந்தை நாளை வைத்துத்தானே வாரமே ஓடுகிறது.

இதை மொழிபெயர்த்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. ஒவ்வொரு கேள்வியையும் ஊரில் பத்து இருபது பேரிடம் கேட்டுப் பார்த்து, எங்கே தடுக்குகிறது என்று கவனித்துத்தான் இறுதி செய்ய வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும். அவசரப்படுகிறவர்களுக்கு இந்த வேலை ஒத்துவராது.

சொந்த வயதே தெரியாது என்கிறார்களே?

ஆதார் அட்டையில் பலருக்கு ஜனவரி 1 பிறந்தநாள். அதை அப்படியே எழுதக் கூடாது. நாங்கள் நிகழ்ச்சி நாள்காட்டி ஒன்றைக் கையில் வைத்திருப்போம். கிருஷ்ணகிரி அணை கட்டினபோது கல்யாணம் ஆகிவிட்டதா? சேலத்திலிருந்து தருமபுரி தனி மாவட்டமானபோது, அது 1965, குழந்தை இருந்ததா? 1969இல் அண்ணா இறந்தபோது மூத்த பிள்ளை நடந்தானா, தவழ்ந்தானா? இப்படிக் கேட்டுப் போனால் ஒன்றிரண்டு வருட வித்தியாசத்தில் வயது பிடிபட்டுவிடும். அதோடு அந்த அம்மாவின் வாழ்க்கையும் பாதி தெரிந்துவிடும்.

தமிழ் மட்டும் தெரிந்தால் போதுமா?

அரூர், பென்னாகரம் பக்கம் பெரும்பாலும் போதும். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை போனால் வீட்டுக்குள் தெலுங்கும் கன்னடமும் பேசுவார்கள். கிருஷ்ணகிரி நகரத்தில் உருதும் உண்டு. வாலிபத்தில் சந்தையிலும் வேலையிலும் கற்றுக்கொண்ட தமிழ் வயதான காலத்தில் வழுக்கிப் போய், தாய்மொழி மட்டும் நிற்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களைத் தமிழில் சோதித்தால் கணக்கு தப்பாகும். உங்கள் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசினால் அதை விட்டுவிடாதீர்கள். பட்டணத்தில் படித்த ஆராய்ச்சியாளரிடம் இல்லாத ஒன்று உங்களிடம் இருக்கிறது.

வயதானால் மறதி வருவது சகஜம்தானே?

சாவியை வைத்த இடம் மறப்பதும், பெயர் நாக்கு நுனியில் நின்று அப்புறம் வருவதும் சகஜம். பழகின வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்பது, அடுப்பில் களி கிண்டிக்கொண்டிருந்ததே நினைவில்லாமல் போவது, கேட்டதையே பத்து நிமிடத்தில் நான்கு முறை கேட்பது இவையெல்லாம் சகஜமில்லை.

‘லாசி’ என்று ஒரு பெரிய ஆய்வு இருக்கிறது. மும்பையின் மக்கள்தொகை ஆய்வு நிறுவனம் 2017-18இல் நடத்திய முதல் சுற்றில் நாடு முழுவதும் 45 வயதுக்கு மேற்பட்டவர்களும் அவர்களின் துணைவர்களுமாக 72,000க்கும் அதிகமானவர்களைச் சந்தித்தார்கள். அதன் கிளை ஆய்வில் 60 வயது தாண்டிய 4,096 பேரை ஆழமாகச் சோதித்து, இந்தியாவில் அந்த வயதினரில் 7.4 சதவீதத்தினருக்கு, சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். அந்தக் கிளை ஆய்வில் பயன்பட்டவற்றில் நான் மேலே சொன்ன ஹிந்திச் சோதனையும் ஒன்று.

இத்தனை பேர் இருந்தும் ஊருக்குள் ஏன் கண்ணில் படுவதில்லை? சென்னையிலும் வேலூர்க் கிராமங்களிலும் 10/66 என்ற பன்னாட்டுக் குழு நடத்திய ஆய்வில் இதற்கு ஒரு விடை கிடைத்தது. மறதி நோயாளிகளில் 66 சதவீதத்தினர் வளரும் நாடுகளில் இருந்தும் அங்கே நடக்கும் ஆய்வு 10 சதவீதம்கூட இல்லை என்பதால் அந்தக் குழுவுக்கு வந்த பெயர் அது. கிடைத்த விடை இதுதான்: கிராமத்தில் பிள்ளைகளிடம் கேட்டால், ‘அம்மா நல்லாத்தான் இருக்காங்க’ என்பார்கள். சமையலும் கொடுக்கல் வாங்கலும் மருமகள் கைக்குப் போய்விட்டன. அம்மா எதையும் செய்ய வேண்டியதில்லை. அதனால் எதைச் செய்ய முடியவில்லை என்பதும் வெளியே தெரிவதில்லை.

இன்னொன்றை மறக்காதீர்கள். நேற்று வரை தெளிவாக இருந்தவர் இன்று ஆள் தெரியாமல் உளறினால் அது மறதி நோய் இல்லை. சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம், உடம்பில் உப்பு குறைந்திருக்கலாம், சர்க்கரை இறங்கியிருக்கலாம். காத்து கருப்பு என்று மந்திரிக்கக் கூட்டிப் போய் நேரத்தை விடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மெதுவாக வருகிற மறதியிலும் தைராய்டு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு இவை காரணமாக இருந்தால் சரிசெய்ய வழி உண்டு. சோதிக்காமல் ‘வயசாயிடுச்சு’ என்று விடுவதுதான் எனக்குத் தாங்க முடியாத வார்த்தை.

கிராமத்துப் பெரியவர்களுக்கு மனச்சோர்வு வருமா? அவர்கள் சொல்வதே இல்லையே?

சொல்கிறார்கள். நமக்குத்தான் கேட்கத் தெரியவில்லை. ‘நெஞ்சு பாரமா இருக்கு’, ‘உடம்பெல்லாம் எரியுது’, ‘சோறு எறங்கல’, ‘ராத்திரி கண்ணே மூடல கண்ணு’ என்பார்கள். ‘மனச்சோர்வு’ என்ற சொல் யார் வாயிலும் வராது.

முதியோருக்கான மனச்சோர்வு அளவுகோல் ஒன்று 1980களில் யெசவேஜ் என்பவர் தலைமையில் வந்தது. ஆமாம், இல்லை என்று சொன்னால் போதும், நல்ல கருவிதான். ஆனால் அதில் ஒரு கேள்வி: வெளியே போய்ப் புதிதாக ஏதாவது செய்வதைவிட வீட்டிலேயே இருக்கப் பிடிக்கிறதா? மூட்டுவலியோடு மேட்டுக் கொட்டாயில் இருக்கும் பாட்டி ஆமாம் என்றுதான் சொல்வார். இன்னொன்று: மற்றவர்கள் உங்களைவிட நன்றாக இருக்கிறார்கள் என்று தோன்றுகிறதா? மாதம் 1,200 ரூபாய் முதியோர் பணத்தில் வாழ்கிறவருக்கு அது வெறும் தோணல் இல்லை, கண்ணெதிரே இருப்பது. இந்தப் பதில்களை நோய்க் கணக்கில் சேர்ப்பதா, வறுமைக் கணக்கில் சேர்ப்பதா? இதை யோசிப்பதுதான் ஆய்வு.

நம் பக்கத்துக்கே உரிய காரணங்கள் சில உண்டு. பிள்ளைகள் கட்டட வேலைக்குக் குடும்பத்தோடு பெங்களூர் போய்விடுகிறார்கள். கிழவனும் கிழவியும் மாட்டையும் பேரப்பிள்ளையையும் பார்த்துக்கொண்டு இங்கே. அப்புறம் தண்ணீர். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் வரும்வரை ஃபுளோரைடு அதிகமான கிணற்றுத் தண்ணீரைக் காலமெல்லாம் குடித்தவர்கள் நிறைய. அது எலும்பில் சேர்ந்தால் முதுகும் மூட்டும் இறுகிப்போகும். வருடக்கணக்கான வலி தூக்கத்தைக் கெடுக்கும், தூக்கம் கெட்டால் மனசு கெடும். உடம்பை ஒரு டாக்டரும் மனசை ஒரு டாக்டரும் தனித்தனியாகப் பார்த்தால் இந்தத் தொடர்பு பிடிபடாது.

முதுமை என்றால் எல்லாமே இறங்குமுகம்தானா?

இல்லவே இல்லை. அமெரிக்காவில் வார்னர் ஷாயி 1956இல் தொடங்கிய சியாட்டில் ஆய்வு, அதே ஆட்களை ஏழு வருடத்துக்கு ஒருமுறை மறுபடி மறுபடி சோதித்தது. வேகம் முதலில் குறைகிறது. சொல்வளமும் அனுபவ அறிவும் வெகுகாலம் நிற்கின்றன. இன்றைய இருபது வயதுப் பிள்ளையையும் எழுபது வயதுத் தாத்தாவையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி ஒப்பிட்டால் கிடைக்கிற வித்தியாசத்தில் பெரும்பகுதி பள்ளிக்கூடத்தின் வித்தியாசம், வயதின் வித்தியாசம் இல்லை என்பதையும் அது காட்டியது. தருமபுரிக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் இல்லை.

ஜெர்மனியின் உளவியலாளர் பவுல் பால்ட்டஸ், பியானோக் கலைஞர் ரூபின்ஸ்டீனை உதாரணம் சொல்வார். எண்பது வயதில் அவர் குறைவான உருப்படிகளை எடுத்துக்கொண்டார், அவற்றை அதிகம் பயிற்சி செய்தார், வேகமான பகுதிக்கு முன்னால் கொஞ்சம் மெதுவாக வாசித்து அதை வேகமாகத் தோன்ற வைத்தார். எங்கள் ஊரில் பட்டுப்புழு வளர்க்கும் ஒரு தாத்தா இதையேதான் செய்தார். தட்டுகளைப் பாதியாகக் குறைத்தார், இலை வெட்டும் வேலையை மகனிடம் விட்டார், புழு தோலுரிக்கும் நேரத்தைப் பார்ப்பதை மட்டும் யாரிடமும் விடவில்லை.

என்ன படிக்க வேண்டும்?

பன்னிரண்டாம் வகுப்பில் எந்தக் குரூப் எடுத்திருந்தாலும் பெரும்பாலான கல்லூரிகளில் இளநிலை உளவியல் சேரலாம். முதுநிலைக்கு சேலம் பெரியார் பல்கலைக்கழகம் பக்கம்; சென்னை, பாரதியார் பல்கலைக்கழகங்களிலும் துறை இருக்கிறது. அதற்குப் பிறகு பாதை பிரியும்.

ஆய்வு மட்டும் போதும் என்றால் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு எழுதி, ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை வாங்கி முனைவர் பட்டத்துக்குப் போகலாம். நோயாளிகளையும் பார்க்க வேண்டும் என்றால் ஆர்.சி.ஐ. அங்கீகரித்த மருத்துவ உளவியல் படிப்பு வேண்டும். இதுவரை அது இரண்டு வருட எம்.ஃபில். புதிய கல்விக் கொள்கையில் எம்.ஃபில். போய்விட்டாலும் இந்தப் படிப்புக்கு 2025-26 வரை பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யூ.ஜி.சி., அனுமதி கொடுத்தது, அதன் இடத்தில் வேறு பட்டங்கள் வருகின்றன. சேரும் முன் ஆர்.சி.ஐ. இணையதளத்தில் கல்லூரி பெயரும் படிப்பின் பெயரும் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள், ஏஜென்ட் பேச்சை நம்பாதீர்கள். ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டரில் பெங்களூரு நிம்ஹான்ஸ் இருக்கிறது. நாட்டின் முதன்மையான மனநல நிறுவனம் பஸ் தூரத்தில் இருந்தும் நம் பிள்ளைகள் நோயாளிக்குத் துணையாக மட்டும் அங்கே போகிறார்கள்; நுழைவுத்தேர்வு எழுதவும் போக வேண்டும்.

வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியில் படிக்கலாமா?

2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து உளவியலைத் தொலைதூர முறையிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று யூ.ஜி.சி. நிறுத்திவிட்டது. வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு இது கஷ்டம்தான். ஆனாலும் எதிரே ஆள் உட்காராமல் இந்தப் படிப்பைக் கற்க முடியாது என்பதே என் கருத்து.

சம்பளம், வேலை?

ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் 2023இலிருந்து மாதம் 37,000 ரூபாய். ஆய்வுத் திட்ட வேலைகள் ஒன்றிரண்டு வருட ஒப்பந்தமாக இருக்கும். அந்த நிச்சயமின்மையை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அரசில் மாவட்ட மனநலத் திட்டத்தில் உளவியலாளர் இடம் உண்டு. சென்னையில் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனநல ஆய்வு நிறுவனம் போன்ற இடங்களில் மறதி நோய்க்கென்றே பிரிவு நடக்கிறது.

கைநாட்டு வைப்பவரிடம் எப்படி ஒப்புதல் வாங்குவது?

படித்துக் காட்டி, புரிந்ததா என்று அவர் வாயாலேயே திருப்பிச் சொல்லச் சொல்லி, ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி முன்னால் ரேகை வாங்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின், அதாவது ஐ.சி.எம்.ஆர்.இன், நெறிமுறை அதுதான். மகன் சம்மதித்தால் போதாது. இங்கே ஒரு சிக்கல் வரும்: பேப்பரில் கட்டைவிரல் என்றதுமே சொத்து எழுதி வாங்குகிறார்கள் என்று பயப்படுவார்கள். அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. அப்படி ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறார்கள். வேண்டாம் என்றால் கும்பிட்டுவிட்டு வந்துவிட வேண்டும்.

எங்கள் வீட்டுப் பெரியவருக்கு உதவி வேண்டும். எங்கே போவது?

தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவுக்குப் போகலாம். போனில் பேச மனநலத்துக்கு 14416, முதியோர் உதவிக்கு 14567, இரண்டும் இலவசம். உயிரை விட்டுவிடலாம் போலிருக்கிறது என்று பெரியவர் ஒருமுறை சொன்னாலும், சும்மா சொல்கிறார் என்று விடாமல் கூடவே இருந்து அன்றைக்கே கூப்பிடுங்கள். பிள்ளைகள் கவனிக்கவில்லை என்றால் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி கோட்டாட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம்.

ஆய்வு செய்துவிட்டுப் போய்விடுகிறீர்கள். அந்த வீட்டுக்கு என்ன கிடைக்கும்?

நியாயமான கேள்வி. ஒரு தாத்தா நேராகவே கேட்டார்: ‘எழுதிக்கிட்டுப் போறீங்க சாமி, போன தடவை வந்தவங்களும் எழுதிக்கிட்டுத்தான் போனாங்க.’

அதற்குப் பிறகு நான் வேலை செய்யும் எந்தக் குழுவிலும் மூன்று விஷயங்களைக் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். ரத்த அழுத்தம், சர்க்கரை, காது, கண் பார்த்த முடிவை அன்றே வீட்டில் சொல்லிவிட வேண்டும். இவை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் பிற்காலத்தில் மறதி நோய்க்கும் வாய்ப்பு கூடும். அடுத்தது, சிகிச்சை தேவைப்படுகிறவர்களின் பெயரை, அவர்கள் சம்மதத்தோடு, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொடுக்க வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டமே 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. மாத்திரை கொடுக்க வீட்டுக்கு வரும் பெண்ணுக்கு, மறதியின் அடையாளங்களையும் சொல்லி வைத்தால் எங்களைவிட அவர் முன்னாலேயே கண்டுபிடிப்பார். கடைசியாக, ஆய்வு முடிந்ததும் அதே ஊர்க் கோயில் திடலில் உட்கார்ந்து, என்ன தெரிய வந்தது என்று தமிழில் சொல்ல வேண்டும்.

அந்தத் தாத்தாவின் ஊரில் போன வருடம் அப்படிச் சொன்னோம். முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டார். காதுக் கருவி வந்திருந்தது.